பொம்மைகளின் அரசியல் - 7: ராஜா கேட்ட தவளைகள்

குளத்துத் தவளைகளுக்கு ஜனநாயகம் சலித்துவிட்டது. ‘எங்களை ஆள ஒரு ராஜா வேண்டும்’ என்று வானத்து ஜூபிடரிடம் முறையிடுகின்றன. அவர் ஒரு மரக்கட்டையைப் போடுகிறார். கட்டை யாரையும் அதட்டவில்லை, யார் வம்புக்கும் போகவில்லை. அதனாலேயே அதன்மேல் மரியாதை போய்விடுகிறது. தவளைகள் வேறு ராஜா கேட்கின்றன. நாரை வருகிறது. வந்ததும் குடிமக்களைப் பிடித்து விழுங்கத் தொடங்குகிறது.

ஈசாப் காலத்துக் கதைதான். 1922-ல் பிரான்ஸில் இதை மௌனப் பொம்மைப் படமாக எடுத்தவர் லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச். அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியில் முசோலினி பிரதமரானார்.

ஸ்டாரெவிச், போலந்துக் குடும்பத்தில் 1882-ல் மாஸ்கோவில் பிறந்தவர். கௌனாஸ் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோது, கொம்பு வண்டுகளின் சண்டையைப் படம்பிடிக்க முயன்றார். அவை இரவுப் பூச்சிகள். விளக்கைப் போட்டால் சுருண்டுவிடும். எனவே 1910-ல் செத்த வண்டுகளையே நடிக்க வைத்தார். கால்களைக் கழற்றி, கம்பி கோத்து, மெழுகால் மறுபடி ஒட்டினார். ஒரு காலை மயிரிழை நகர்த்துவார், ஒரு ஃபிரேம் எடுப்பார், மீண்டும் நகர்த்துவார். அன்றைய வேகத்தில் திரையில் ஒரு நொடி ஓட ஏறத்தாழ 16 ஃபிரேம்கள் வேண்டும். உயிருள்ள வண்டுகளைப் பழக்கி நடிக்க வைத்திருக்கிறார்கள் என்றே பார்த்தவர்களில் சிலர் நம்பினார்கள்.

முதல் உலகப் போர் வந்தது. பெல்ஜியத்துக்குள் ஜெர்மனி புகுந்ததை, லில்லி மலர்மீது வண்டுப்படை பாய்வதாக 1915-ல் எடுத்தார். ரஷ்ய அரசுக்கு உவப்பான படம். எதிரி வெளியே இருந்தான். பிறகு புரட்சி. குடும்பத்தோடு யால்டாவிலிருந்து கிளம்பி, இத்தாலி வழியாக பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்.

தவளைப் படத்தின் துணிச்சல் இங்கேதான் இருக்கிறது. இதில் எதிரி வெளியே இல்லை. நாரை படையெடுத்து வரவில்லை, கேட்டு வாங்கப்பட்டது. மக்களாட்சியைக் கேலி செய்யும் படம் என்று இதைப் படிக்க இடமுண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. படத்தில் பழி மக்களாட்சிமேல் விழவில்லை, அதைப் பொறுமையின்றி உதறியவர்கள்மேல் விழுகிறது. நாட்டை இழந்து வந்த ஒருவர் எதிரியைத் திட்டுவது எளிது. குடிமக்களின் பொறுப்பைப் பேசினார் ஸ்டாரெவிச். அதனால்தான் அவரை நான் மதிக்கிறேன்.

அவருடைய முதல் முழுநீளப் பொம்மைப் படத்திலும் ஒரு ராஜா உண்டு: சிங்கம். தந்திர நரியின் கதையான அதன் படப்பிடிப்பு 1930-ல் முடிந்தது. ஒலி சேர்க்கப் பிரான்ஸில் வழி பிறக்கவில்லை. ஜெர்மன் பணத்தில் ஒலி சேர்ந்தது. 1937-ல் அந்தப் படம் முதலில் திரையேறியது ஹிட்லரின் பெர்லினில்.

(தொடரும்)