விசை, நிறை, முடுக்கம்: கமலை இறவையின் கணக்கு

ஒரு பொருளின் மேல் செயல்படும் நிகர விசை, அதன் நிறையை முடுக்கத்தால் பெருக்கிய அளவுக்குச் சமம். நியூட்டனின் இரண்டாம் விதி என்று பள்ளியில் படிப்பது இதைத்தான். ஆனால் 1687-இல் வெளிவந்த அவருடைய 'பிரின்சிப்பியா'வில் இந்தச் சூத்திரத்தைத் தேடினால் கிடைக்காது. செலுத்திய விசைக்கேற்ப இயக்கம் (இன்றைய சொல்லில் உந்தம்) மாறும் என்றே அவர் எழுதினார். நிறையையும் முடுக்கத்தையும் வைத்து, மூன்று திசைகளுக்கும் பொதுவான சமன்பாடுகளாக 1750-இல் பெர்லின் அகாதெமியில் முன்வைத்தவர் லியோன்ஹார்ட் ஆய்லர்.

இழுப்பவர் இருந்தால்தான் பொருள் நகரும் என்றார் அரிஸ்டாட்டில். மின்மோட்டார் வருமுன் அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட காட்டின் கிணற்றுத் தோட்டங்களில் கமலை இறைத்தவர்கள் அவர் பக்கமே சாய்ந்திருப்பார்கள். மாடு நின்றால், கிணற்றிலிருந்து நீரை அள்ளிவரும் கூனையும் நிற்கும்! ஆனால் தடையில்லாத சமதளத்தில் ஓடும் குண்டு தானாக நிற்காது என்று 1638-இல் வாதிட்டார் கலிலியோ.

கமலையில் மாடுகள் மண்சரிவில் இறங்க, உருளை மேல் ஓடும் வடம் கூனையை மேலே தூக்கும். ஓட்டுபவர் வடத்தில் ஏறி உட்கார்ந்து தன் எடையையும் சேர்ப்பார். பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேறும்.

கூனையும் தண்ணீருமாக 100 கிலோ என்று கொள்வோம். உராய்வையும் ஓட்டுபவரின் எடையையும் விட்டுவிடலாம். சீரான வேகத்தில் ஏறும்போது வடத்தின் இழுவிசை 980 நியூட்டன். தலா 400 கிலோ எடையுள்ள இரு மாடுகள், எட்டடி நடந்தால் ஓரடி தாழும் சரிவில் இறங்கினால், அவற்றின் எடையே பாதையோரமாக அதே 980 நியூட்டனைத் தந்துவிடும். நிகர விசை சுழி, முடுக்கமும் சுழி. நடை மட்டும் தொடரும். அரிஸ்டாட்டில் சறுக்கிய இடம் இதுதான்.

புறப்படும்போது கணக்கு வேறு. வேகம் நொடிக்கு நொடி, நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் கூட வேண்டுமானால், கூனையோடு மாடுகளின் உடம்பையும் முடுக்கியாக வேண்டும்: மொத்தம் 900 கிலோ. எனவே மாடுகள் மண்ணை உதைத்து மேலும் 900 நியூட்டன் பெறவேண்டும். வடத்தில் 1,080 நியூட்டன் ஏறும்.

ஏறக்குறையச் சமமான இரு எடைகளை உருளையின் இரு புறமும் தொங்கவிட்டு, முடுக்கத்தைக் கடிகாரத்தால் அளக்கும் அளவுக்கு மெதுவாக்கிய ஆய்வுக்கருவியை ஜார்ஜ் அட்வுட் 1784-இல் விவரித்தார். கமலைக்கு அது தூரத்து உறவு. விசையின் அலகுக்கு நியூட்டன் என்ற பெயர் 1948-இல்தான் ஏற்கப்பட்டது.

தெற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் எஞ்சின்கள் ராக்கெட்டில் ஏறிப் பறக்கும்போது எரிபொருள் தீரத்தீர நிறை குறைந்துகொண்டே போகும். அங்கே நிறையை மாறாததாகக் கொள்ளும் சூத்திரத்தை அப்படியே போட முடியாது. வெளியேறும் வாயு கொண்டுபோகும் உந்தத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதற்கு நியூட்டன் எழுதிய பழைய வடிவமே கைகொடுக்கிறது.