வாகையும் வழக்கும்: கல்கத்தாக் கால்பந்தாட்டக் கழகங்களின் பெருமை பற்றிய ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியர் புறத்திணையியலில் வாகைத் திணையை விளக்குமிடத்துப் போர்க்களத்து வெற்றியை மட்டும் கருதினாரல்லர். அவரவரும் தத்தம் துறையில் பிறரினும் மேம்பட்டு நிற்றலையே வாகையெனக் கொண்டார். இக்கோட்பாடு ஒரு வினாவையும் உடன் எழுப்புகின்றது. மேம்பாட்டை அளத்தற்குரிய கோல் யாது? ஒருவர் தம் மிகுதியை ஒரு கோலால் அளக்க, மற்றவர் வேறொரு கோலால் அளப்பாராயின், அவ்வழக்குத் தீருமாறு எங்ஙனம்?

இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற களமொன்று வங்கத் தலைநகரில் உளது. இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்னும் மூன்று கால்பந்தாட்டக் கழகங்களின் ஆதரவாளரிடையே ஒரு நூற்றாண்டாக இடையறாத சொற்போர் நிகழ்ந்து வருகின்றது. எக்கழகம் பெரிது, எவ்வெற்றி உண்மை வெற்றி, எப்பயிற்றுநரால் எழுச்சி வந்தது என்பனவே அதன் பொருள்கள். வங்கத்தார் 'அட்டா' என்று பெயரிட்டு வழங்கும் திண்ணைப் பேச்சிலும், தேநீர்க் கடையிலும், அலுவலகத்திலும் அவ்வழக்கு நடைபெறுகின்றது. இதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குதல் பொருந்தாது. ஆதரவாளர் ஒவ்வொருவரும் தம்மையறியாமலே வரலாற்றாசிரியராகின்றனர்; சான்று காட்டுகின்றனர்; காலத்தைப் பகுக்கின்றனர். அவர்கள் கையாளும் அளவுகோல்கள் எங்கிருந்து பிறந்தன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முதன்மை என்னும் அளவுகோல்

மோகன் பகான் கழகம் 1889ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் வடகல்கத்தாவில் தோன்றியது. அதன் ஆதரவாளர் எவ்வழக்கினையும் 1911ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள், ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவினரின் அணியை 2–1 என்னும் கணக்கில் வென்றது. அணியினர் பதினொருவருள் சுதிர் சாட்டர்ஜி ஒருவரே காலணி அணிந்திருந்தார். ஏனைய பதின்மரும் வெறுங்காலினர். சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் அடித்த இரு கோல்கள் ஆளும் இனத்தாரின் படையணியை வீழ்த்தின. 1893இல் தொடங்கிய அக்கேடயத்தை இந்திய அணியொன்று பெற்றது அதுவே முதன்முறை.

அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் தில்லி தர்பாரில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டது. தலைநகர் தில்லிக்கு மாற்றப்படுமென்னும் அறிவிப்பும் உடன் வந்தது. கேடய வெற்றிக்கும் இவற்றிற்கும் காரண காரியத் தொடர்பு காட்டுதல் அரிது. ஆயினும் மக்கள் நினைவில் மூன்றும் ஒரு மாலையிற் கோத்த மலர்களாயின.

முதன்மையை அளவுகோலாகக் கொள்வார்க்கு ஓர் இடர் உண்டு. ஆங்கிலேயப் படையணியை இந்தியர் வென்றது 1911இல் முதன்முறையன்று. 1892ஆம் ஆண்டிலேயே சோவாபஜார் கழகத்தார் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் சர்ரி படைப்பிரிவினரை வென்றனர். அவ்வெற்றியை இன்று நினைவு கூர்வார் ஆராய்ச்சியாளர் சிலரே. எனவே, முதலில் நிகழ்ந்ததே முதன்மை பெறும் என்பது உண்மையன்று. தன்னைக் காக்க ஒரு கூட்டத்தைப் பெற்ற வெற்றியே முதன்மை பெறும். சோவாபஜாரின் வெற்றியை வழிவழிச் சொல்லிவர ஆதரவாளர் நிலைக்கவில்லை. மோகன் பகானுக்கு நிலைத்தனர்.

எதிர்க்கட்சியார் கூறும் தடை இதனினும் கூர்மையானது. 1911ஆம் ஆண்டு அணியினருள் பலர் கிழக்கு வங்கத்தில் வேர்கொண்ட குடும்பத்தினர். ஆதலின் அவ்வெற்றியில் தமக்கும் பங்குண்டு என ஈஸ்ட் பெங்கால் ஆதரவாளர் வாதிடுவர். இத்தடையின் ஆற்றலை உணர, அவர்தம் கழகம் பிறந்த வகையினை அறிதல் வேண்டும்.

2. எண்ணிக்கையும் தொடர்ச்சியும்

1920ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் இறுதியில் ஜோராபகான் கழகம் மோகன் பகானை எதிர்த்து ஆடியபோது, கிழக்கு வங்கத்தவரான சைலேஷ் போஸ் அணியினின்று நீக்கப்பட்டார். அதனைப் பொறாத அக்கழகத் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி வெளியேறி, நண்பரோடு கூடி ஆகஸ்ட் முதல் நாள் ஈஸ்ட் பெங்கால் கழகத்தை நிறுவினார். புறக்கணிப்பிற்கு விடையாகப் பிறந்த கழகம் அது. 1947ஆம் ஆண்டு நாட்டுப் பிரிவினைக்குப் பின் ஏதிலிகளாக வந்து குடியேறிய இலட்சக்கணக்கான மக்களுக்கு, விட்டுவந்த ஊரின் பெயரைச் சுமந்து நின்ற ஓரிடமாக அக்கழகம் அமைந்தது. நிலத்தை இழந்தோர் பெயரைப் பற்றினர். மேற்கு வங்கத்தாராகிய 'கோட்டி'களும் கிழக்கு வங்கத்தாராகிய 'பாங்கால்'களும் பேச்சிலும் உணவிலும் தம்முள் வேறுபட்டவர். கழகம் வென்ற நாளில் முன்னவர் இறாலும் பின்னவர் இலிஷ் மீனும் சமைப்பது வழக்கம்.

இத்தகையோர் 1911ஐ அளவுகோலாக ஏற்பாராயின் என்றும் இளையவராகவே நிற்றல் வேண்டும். ஆதலின் அவர் எண்ணிக்கையையும் தொடர்ச்சியையும் கோலாகக் கொண்டனர். 1949 முதல் 1951 வரை மூன்றாண்டுகள் ஐ.எப்.ஏ. கேடயத்தைத் தொடர்ந்து பெற்றதை எடுத்துக்காட்டுவர். அக்காலத்தில் வெங்கடேஷ், அப்பாராவ், சாலே, அகமது கான், தன்ராஜ் என்னும் ஐவரைக் கொண்ட முன்னணி வரிசை 'பஞ்ச பாண்டவர்' எனப் போற்றப்பட்டது. அவ்வைவரும் தென்னாட்டினர் என்பது கருதத்தக்கது. பிறந்த மண்ணின் பெயரால் எழுந்த கழகம், அம்மண்ணிற் பிறவாத ஐவரால் புகழின் உச்சியை அடைந்தது. மோகன் பகானின் 1911 வெற்றியில் கிழக்கு வங்கத்தார்க்குப் பங்குண்டு என்று வாதிடுவோர், தம் பாண்டவர் பெருமையில் தென்னாட்டார்க்குள்ள பங்கினையும் ஒப்புதல் வேண்டும். குருதிவழி உரிமையை அளவுகோலாகக் கொள்ளின் இருதிறத்தார் பெருமையும் குறைபடும்.

1970 முதல் 1975 வரை ஆறாண்டுகள் ஈஸ்ட் பெங்கால் கல்கத்தா லீக் போட்டியில் தொடர்ந்து வாகை சூடியது. பின்னர் 2010 முதல் 2017 வரை எட்டு முறை தொடர்ந்து சூடியது. தேசிய லீக் தோன்றிய 1996க்குப் பின் நகரப் போட்டியின் மதிப்புக் குறைந்தமையின் எட்டும் ஆறும் ஒரு நிறையினவல்ல என்பது மோகன் பகானார் விடை. இவ்விடையில் உண்மையுண்டு. கோப்பை மாறாதிருப்பினும் அதன் பொருள் காலந்தோறும் மாறுகின்றது. சொல் மாறாதிருப்பினும் பொருள் மாறுவது போல.

தொடர்ச்சியைக் கோலாகக் கொள்ளின், அதனை முதலில் ஏந்தியோர் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தார் என்பதை மறத்தலாகாது. 1891இல் தோன்றிய அக்கழகம் 1934இல் முதற்பிரிவினுள் புகுந்த ஆண்டிலேயே லீக் வாகையைச் சூடியது. அவ்வாகையைப் பெற்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1938 வரை ஐந்தாண்டுகள் அதனை விடாது காத்தது. இந்தியாவின் பல பகுதிகளினின்றும் ஆட்டக்காரரைத் திரட்டியதும், மழையில் நனைந்த களத்திற்கேற்பக் காலணி அணிந்து ஆடியதும் அவ்வெற்றிக்குக் காரணங்களாயின. 1940இல் டூரண்ட் கோப்பையையும் வென்றது. நாட்டுப் பிரிவினையால் புரவலரும் ஆட்டக்காரரும் சிதறியபின் அதன் குரல் தாழ்ந்தது. மோகன் பகானின் லீக் வாகை 1939இலும் ஈஸ்ட் பெங்காலின் லீக் வாகை 1942இலுமே முதன்முதல் கிட்டின. ஆயினும், பெரும்பாலான வழக்குகள் இருவர்க்கிடையே நிகழ்வனவாகவே இன்று பேசப்படுகின்றன. வாதத்தில் வெல்வதற்குச் சான்று மட்டும் போதாது, உரைப்பார் தொகையும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

3. நேர்மோதலும் நாணமும்

மூன்றாவது அளவுகோல் நேர்மோதல். 1975ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5–0 என வென்றது. ஐந்து என்னும் எண் அன்று முதல் அந்நகரில் ஒரு சொல்லாயிற்று. அன்றிரவு தோற்ற அணியினர் சிலர் வீடு திரும்ப அஞ்சினர் என்பர். தோல்வியைப் பொறுக்கலாற்றாத இளைஞர் ஒருவர் உயிர்நீத்த செய்தியும் அவ்வாட்டத்தோடு சேர்த்தே நினைக்கப்படுகின்றது.

வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை முன்னிலைப்படுத்திப் பாடிய வெண்ணிக் குயத்தியார், புறப்புண் நாணி வடக்கிருந்த சேரனையே அவனினும் நல்லனாகக் காட்டியதைப் புறநானூற்றின் 66ஆம் பாட்டால் அறிகின்றோம். நாணம் உரிமையின் அடையாளம். தனக்குரியதல்லாத ஒன்றன் தோல்விக்கு எவரும் நாணுவதில்லை. மோகன் பகானார் அவ்வைந்து கோல்களை அரை நூற்றாண்டாக மறவாமையே, அக்கழகம் அவர்க்குரியது என்பதற்குத் தலையாய சான்றாகும்.

எனினும் இவ்வுரிமையுணர்வு எல்லை கடந்தபோது நேர்ந்த இழப்பையும் குறித்தல் கடன். 1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் ஈடன் தோட்ட அரங்கில் இவ்விரு கழகமும் மோதிய லீக் ஆட்டத்தின்போது பார்வையாளரிடையே கலகம் மூண்டு பதினாறு பேர் உயிரிழந்தனர். அந்நாள் இன்றும் கால்பந்தாட்ட அன்பர் நாளாக நினைவு கூரப்படுகின்றது. மாண்டோருக்கு இருதிறத்தாரும் ஒருங்கே அஞ்சலி செய்யும் அந்நாளில் எந்த அளவுகோலும் எடுக்கப்படுவதில்லை.

4. பயிற்றுநர் மாற்றம்

வெற்றி கழகத்திற்குரியதா, பயிற்றுநர்க்குரியதா என்னும் வினாவை இருவர் வாழ்க்கை கூர்மையாக்கியது. ஒருவர் பிரதீப் குமார் பானர்ஜி. 1962ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் பொன் வென்ற இந்திய அணியினர். பெருங்கழகங்களைச் சாராது ஈஸ்டர்ன் ரயில்வே அணியில் ஆடி 1958இல் லீக் வாகையை அதற்கு ஈட்டித் தந்தவருள் ஒருவர். மற்றவர் அமல் தத்தா. ஆட்டமுறைகளை ஆய்ந்து புதியன புகுத்துவதில் வேட்கை மிக்கவர். 1969இல் மோகன் பகானுக்கு லீக்கையும் கேடயத்தையும் ஒருசேரப் பெற்றுத் தந்தவர். முன்னவர் ஆட்டக்காரரின் உள்ளத்தை எழுப்புவதில் வல்லவர் என்றும், பின்னவர் ஆட்ட நூலறிவில் வல்லவர் என்றும் ஆதரவாளர் பகுத்துரைப்பர்.

1972 முதல் 1975 வரை ஈஸ்ட் பெங்காலைப் பயிற்றிய பானர்ஜி 1976இல் மோகன் பகானுக்கு மாறினார். அவ்வாண்டே அது லீக் வாகையை மீட்டது. நேர்மோதலில் ஆட்டம் தொடங்கிய 17 விநாடியில் அக்பர் அடித்த கோல் அம்மாற்றத்தின் முத்திரையாக நினைக்கப்படுகின்றது. 1977இல் மோகன் பகான் கேடயம், டூரண்ட், ரோவர்ஸ் என்னும் மூன்றனையும் வென்றது. பயிற்றுநரே வெற்றிக்குக் காரணர் என்பார்க்கு இவை வலிய சான்றுகளாம். ஆயினும் அவ்வாண்டின் லீக் வாகை ஈஸ்ட் பெங்காலுக்கே சென்றமையின் வழக்கு முற்றவில்லை.

1997ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் கூட்டிணைப்புக் கோப்பையின் அரையிறுதியில் இருவரும் எதிரெதிர் நின்றனர். இம்முறை தத்தா மோகன் பகானிலும் பானர்ஜி ஈஸ்ட் பெங்காலிலும் இருந்தனர். தத்தா வகுத்த 'வைர' அமைப்பு அப்பருவத்தில் எதிரிகளைத் திகைக்க வைத்திருந்தது. எதிரணியினரை அவர் எள்ளி உரைத்தமையும் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. சால்ட் லேக் அரங்கில் ஏறத்தாழ 1,31,000 பேர் கூடினர். பாய்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடிக்க ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது. வைர அமைப்புப் பிழையானதா, எள்ளற்சொல் எதிரியை எழுப்பியதா என்னும் வழக்கு அவ்விருவரும் மறைந்த பின்னும் ஓயவில்லை.

ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. இருவரும் இரு கழகங்களிலும் பணிபுரிந்தனர். ஆட்டக்காரரும் கழகம் மாறினர். ஆதரவாளர் மாறினாரல்லர். நேற்றுப் போற்றிய பயிற்றுநரை இன்று எதிரணியிற் கண்டு ஏசினரேயன்றி, அவர் பின்னே சென்றாரல்லர்.

5. ஏற்கப்படாத வாகை

மேற்கூறிய அளவுகோல்கள் அனைத்தையும் 2020ஆம் ஆண்டு நிகழ்ச்சி சோதித்தது. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் ஏ.டி.கே. என்னும் கொல்கத்தா அணி 2014, 2016, 2019–20 ஆகிய பருவங்களில் மும்முறை வாகை சூடியிருந்தது. 2020இல் அவ்வணியும் மோகன் பகானும் இணைந்து ஏ.டி.கே. மோகன் பகான் என்னும் பெயர் பெற்றன. எண்ணிக்கையே பெருமையாயின், உழைப்பின்றி வந்த மூன்று வாகைகளை ஆதரவாளர் மகிழ்ந்து ஏற்றிருத்தல் வேண்டும். அவரோ மறுத்தனர். அவ்வெற்றிகள் தம்முடையனவல்ல என்றனர். பெயரின் முன்னொட்டை நீக்குமாறு போராடினர். 2022–23ஆம் பருவத்தின் கோப்பையை வென்ற பின்னர் 2023இல் அம்முன்னொட்டு நீக்கப்பட்டு, மோகன் பகான் சூப்பர் ஜயண்ட் என்னும் பெயர் வந்தது. 2024–25ஆம் பருவத்தில் அக்கழகம் கேடயம், கோப்பை இரண்டையும் வென்றபோது அதனைத் தமதென்று கொண்டாடினர்.

எதிர்ப்பக்கத்தில் ஈஸ்ட் பெங்கால் 2024 ஜனவரியில் கார்லெஸ் குவாட்ராட் பயிற்சியில் சூப்பர் கோப்பையை வென்று, பன்னீராண்டு வறட்சிக்குப் பின் நாடளாவிய பெருங்கோப்பை ஒன்றைப் பெற்றது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே தொடர்தோல்விகளால் அப்பயிற்றுநர் விலகினார். வறட்சியாண்டுகளில் அக்கழகத்தின் ஆதரவாளர் குறைந்தாரல்லர்.

6. முடிபு

இதுவரை கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். முதன்மையை மூத்த கழகத்தாரும், தொடர்ச்சியை இளைய கழகத்தாரும் கோலாகக் கொண்டது தற்செயலன்று. ஒவ்வொருவரும் தம் வரலாற்று நிலைக்கேற்ற கோலையே எடுத்தனர். ஆதலின் கோப்பைகளை எண்ணி இவ்வழக்கைத் தீர்க்கப் புகுவார் தோல்வியுறுவர். ஆட்டக்காரர், பயிற்றுநர், உடைமையாளர் யாவரும் மாறுவர். கோப்பையின் மதிப்பும் மாறும். எந்த அணி தோற்றபோது நாணினார்களோ, அந்த அணி வென்றபோது மட்டுமே ஆதரவாளர் அவ்வெற்றியைத் தமதெனக் கொண்டனர். ஏ.டி.கே. அணியின் தோல்விகளுக்கு மோகன் பகானார் ஒருநாளும் நாணியதில்லை. ஆகவே அதன் வாகைகளைச் சூட அவர் கை நீளவில்லை. கழகத்தின் பெருமையென்பது வெற்றிகளின் தொகையன்று, தோல்வியிலும் பிரியாதாரின் நினைவே என்பது இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் முடிபாகும்.