காவலரின் மைக்கும் ஒற்றனின் பெட்டியும்: தமிழ்த் திரையில் இருவழி வானொலி

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரைப்படங்களில் இருவழி வானொலிக் கருவி பெரும்பாலும் இரண்டு கைகளில்தான் காணப்படுகிறது. ஒன்று காவலரின் கை. மற்றொன்று காவலர் தேடுபவனின் கை. உரிமம் பெற்று, பேச்சின் விருப்பத்துக்காகவே பேசும் ஹாம் வானொலியாளருக்கு அங்கு இடம் வாய்க்கவில்லை. இதைக் கதாசிரியர்களின் கற்பனைக் குறையாக மட்டும் கொள்வதற்கில்லை. உரிமச் சட்டமும் இரண்டாம் உலகப்போர்க் கால அச்சமும் அக்கருவிக்கு அளித்த பொருளைத் திரை ஏற்றுக்கொண்டதே இதன் அடிப்படை என்பதை, ‘அந்த நாள்’ (1954) திரைப்படத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இருவழி வானொலி, ஹாம் வானொலி, அந்த நாள், உரிமச் சட்டம், ஒற்றாடல்

கொடைரோட்டில் கேட்கும் குரல்

கொடைக்கானல் மலையேறுவோர் தொடர்வண்டியை விட்டு இறங்கும் கொடைரோடு நிலையம் அமைந்துள்ள ஊர் அம்மையநாயக்கனூர். திருச்சிக்கும் மதுரைக்கும் இடையிலான இருப்புப்பாதை 1875இல் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அப்பாதையில் செய்தியைக் கொண்டு சென்றது தந்திக் கம்பி. இன்று நிலைய அதிகாரி, வண்டி ஓட்டுநர், காப்பாளர் ஆகியோர் வாக்கி டாக்கியில் பேசிக்கொள்கின்றனர். நடைமேடையில் நிற்கும் பயணி அந்தக் கரகரப்பான குரலைக் கேட்க முடியும். ஆனால் அதில் அவர் பேச முடியாது. நிலையத்துக்கு வெளியே நான்குவழிச் சாலையில் நிற்கும் காவல் ஊர்தியிலிருந்தும் அதே கரகரப்பு வருகிறது. திண்டுக்கல் சமவெளியில் வாழும் ஒருவருக்கு இருவழி வானொலியோடு உள்ள உறவு பெரும்பாலும் இவ்வளவே. அது காதில் விழும், கைக்கு வராது. திரைப்படம் இந்த அனுபவத்தின்மேல்தான் தன் கதைகளைக் கட்டியது.

காவல் துறையினர் தம் பேச்சு வழக்கில் இக்கருவியை ‘மைக்’ என்பர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ‘ஓபன் மைக்கில்’ கண்டித்தார் என்னும் செய்தியை நாளிதழ் வாசகர் பலமுறை படித்திருப்பர். ஒருவரைக் கண்டிக்கும் சொல் அந்த அலைவரிசையில் உள்ள நிலையங்கள் அனைத்திலும் கேட்கும் என்பதே அத்தொடரின் கூர்மை. இருவழி வானொலியின் இயல்பும் இதுவே. ஒருவர் விசையை அழுத்திப் பேசும்போது மற்றவர்கள் கேட்கலாமே தவிர இடைமறிக்க இயலாது. அவர் விசையை விட்ட பின்னரே அடுத்தவர் பேச முடியும். ‘ஓவர்’ என்னும் சொல் இந்தக் கைமாற்றத்துக்காகவே பிறந்தது. ‘அவுட்’ என்பது மறுமொழி வேண்டா என்னும் பொருளது. இரண்டையும் ஒருசேரச் சொன்னால் ‘நீ பேசு’, ‘இனிப் பேசாதே’ என்னும் இரு கட்டளைகள் ஒன்றோடொன்று மோதும். உலகத் திரைப்படங்கள் இந்த மோதலைப் பொருட்படுத்தாமல் அத்தொடரை ஒரு முத்திரை வாசகமாகவே ஆக்கிவிட்டன.

தமிழ்த் திரையின் காவல் படங்களில் மைக் பெரும்பாலும் தொலைபேசியாகவே நடத்தப்படுகிறது. உயர் அதிகாரியும் நாயகனும் முகத்துக்கு முகம் பேசுவதுபோல ஒருவர் பேச்சை ஒருவர் மறித்து வாதிடுவர். அதே அலைவரிசையில் உள்ள பிறர் இருப்பதாகவே காட்சியில் குறிப்பிருக்காது. உரையாடலின் வேகம் கருதி இதை மன்னிக்கலாம். எனினும் ஊரே கேட்கும் கண்டிப்பு, அதைக் கேட்டுக்கொண்டு வாய்திறவாமல் நிற்கும் சார்பு ஆய்வாளர் ஆகிய உண்மையான நாடகத் தருணங்களை இப்படங்கள் கைநழுவ விட்டன என்று சொல்லத் தோன்றுகிறது.

ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன்

காவலர் அல்லாத ஒருவனின் கைக்கு வானொலித் தொழில்நுட்பம் சென்றால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்த் திரை அளித்த முதல் வலுவான விடை ‘அந்த நாள்’. வீணைக் கலைஞராகவும் புகழ்பெற்ற எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனம் தயாரித்து, 1954 ஏப்ரல் 13 அன்று வெளியான இப்படம் பாடல்களே இல்லாதது. திரைக்கதையை எழுதிய ஜாவர் சீதாராமன் புலனாய்வு அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். சென்னைமீது ஜப்பானியர் குண்டுவீசிய 1943 அக்டோபர் இரவை ஒட்டிக் கதை தொடங்குகிறது. ராஜன் (சிவாஜி கணேசன்) தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறான். மனைவி உஷா, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, அடுத்த வீட்டுச் சின்னையா பிள்ளை, அம்புஜம் ஆகியோர்மீது ஐயம் மாறிமாறி விழுகிறது. ஒவ்வொருவர் கூற்றிலும் வேறொரு ராஜன் தோன்றுகிறான்.

இப்படத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் கதைசொல்லும் முறையைச் சுற்றியும், அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) படத்தோடு அதற்குள்ள ஒப்புமையைச் சுற்றியும் அமைந்துள்ளது. ராஜனின் தொழில் இதனால் கவனிக்கப்படாமல் போயிற்று. அவன் வானொலிப் பொறியாளன், தகவல்தொடர்பு ஆய்வாளன். தன் கண்டுபிடிப்பை அரசு ஆதரிக்காத கசப்பு முற்றி, நாட்டின் இரகசியங்களை ஜப்பானியருக்கு விற்கும் ஒற்றனாகிறான். அவனை அழிவுக்கு இட்டுச் செல்வது பணத்தாசை மட்டுமன்று. திறமை மதிக்கப்படாத சினமும் அதில் கலந்துள்ளது. தேசப்பற்று மிக்க உஷா (பண்டரிபாய்) உண்மையை அறிகிறாள். அவன் சாவுக்கு அவளே காரணம் என்பது இறுதியில் வெளிப்படுகிறது.

ராஜனை மருத்துவனாகவோ கணக்கனாகவோ படைத்திருந்தாலும் துரோகக் கதை நடந்திருக்கும். ஆயினும் 1943இன் சென்னையைக் கதைக்களமாகக் கொண்ட படைப்பாளர் வானொலிப் பொறியாளனைத் தேர்ந்ததற்குச் சட்ட வரலாற்றில் வலுவான பின்புலம் உண்டு. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி வானொலிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பேசினால்தான் குற்றம் என்பதில்லை. பாட்டும் செய்தியும் கேட்கும் எளிய வானொலிப் பெட்டிக்குக்கூட அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தும் நடைமுறை 1980கள்வரை நீடித்தது. 1939இல் போர் தொடங்கியதும் ஹாம் வானொலியாளர்கள் தம் ஒலிபரப்புக் கருவிகளைக் காவல் துறையிடம் ஒப்படைக்குமாறு பணிக்கப்பட்டனர். போர் முடிந்த பின்னரே உரிமம் மீண்டும் வழங்கப்பட்டது. எனவே ராஜனின் காலத்தில் தனிமனிதன் கையில் சட்டப்படியான ஒலிபரப்புக் கருவி ஒன்று இருக்கவே வழியில்லை. அக்காலத்தில் வீட்டினுள் அத்தகைய கருவி ஒன்று அகப்பட்டால், அது எதற்கு என்று யாரும் கேட்கப்போவதில்லை.

மக்களின் அச்சமும் இதற்கு உரமாயிற்று. 1942 ஏப்ரலில் ஜப்பானியப் படையெடுப்பு அச்சத்தால் சென்னை மக்கள் பெருந்திரளாக உள்நாட்டு ஊர்களை நோக்கி வெளியேறினர். படம் வெளியானபோது அந்த ஓட்டத்தை நேரில் பட்டறிந்தவர்களே அரங்கில் அமர்ந்திருந்தனர். அவர்களுக்கு ராஜனின் குற்றத்தை விளக்கத் தேவையிருக்கவில்லை.

இரண்டு உஷாக்கள்

படத்தின் உஷா நாட்டுப்பற்றின் வடிவம். அவள் எதிரில் நிற்பவன் வானொலி அறிந்த கணவன். இதே காலத்தின் உண்மை வரலாற்றில் வேறோர் உஷா இருந்தார். பம்பாயில் 1942 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை இயங்கிய இரகசியக் காங்கிரசு வானொலியின் உஷா மேத்தா அவர். நிலையத்தை இடம் மாற்றி மாற்றி நடத்திய அக்குழு நவம்பர் 12 அன்று பிடிபட்டது. தொழில்நுட்பம் அறிந்த ஒருவர் காட்டிக்கொடுத்ததே அதற்குக் காரணம். உஷா மேத்தாவுக்கு 4 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. பெயர் ஒற்றுமை தற்செயலானதாகவே இருக்கலாம்; ஆயினும் எதிரெதிரான இரு அமைப்புகளை அது கண்முன் நிறுத்துகிறது. பம்பாயில் உரிமமற்ற வானொலி விடுதலைப் போரின் குரல். அதை அழித்தவர் தொழில்நுட்பர். சென்னைப் படத்தில் வானொலி அறிவே துரோகத்தின் கருவி. அதை அழிப்பவள் தேசபக்தை.

சிக்கல் இதனோடு முடியவில்லை. ஜப்பானியர் ஆளுகையில் இருந்த பினாங்கில் ஒற்றுப் பயிற்சி பெற்று, 1942இல் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் இறங்கிப் பிடிபட்டவர்களுள் ஒருவர் வக்கம் அப்துல் காதர். அவரும் தோழர்கள் மூவரும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ‘அந்த நாள்’ கதை நிகழும் இரவுக்கு ஒரு மாதம் முந்திய நிகழ்ச்சி இது. அன்றைய சட்டத்தின் கண்ணில் அவர்கள் எதிரியின் ஒற்றர்கள். விடுதலைக்குப் பின் அவர்களே தியாகிகள். ஜப்பானியருக்குச் செய்தி அனுப்பிய இந்தியன் துரோகியா, விடுதலை வீரனா என்னும் கேள்வி 1943இன் சென்னையில் மெய்யாகவே உயிரைக் கேட்ட கேள்வி. 1954இன் படம் ராஜனைத் தன்னல வஞ்சம் கொண்டவனாக ஆக்கியதன் வழி அக்கேள்வியைச் சந்திக்காமலே கடந்துவிட்டது. படத்தின் கலைச் சிறப்பை இது குறைப்பதாகாது. ஆனால் வானொலி கையிலுள்ள தனிமனிதன் தமிழ்த் திரையில் ஐயத்துக்குரியவனாகவே தொடர்ந்ததற்கு இம்முடிவு வழி திறந்தது.

சிறுமலையும் கொடுங்கையூரும்

நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த ஐயம் புதிய உயிர் பெற்றது. கொடைரோட்டுக்குக் கிழக்கே எழும் சிறுமலையில் 1984 காலத்தில் தமிழீழ விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. 1986 நவம்பரில் தமிழகக் காவல் துறை அவ்வியக்கத்தின் தகவல்தொடர்புக் கருவிகளைப் பறிமுதல் செய்தபோது, அவற்றைத் திரும்பக் கேட்டுப் பிரபாகரன் சென்னையில் உண்ணாநோன்பு இருந்தார். கருவிகள் திருப்பித் தரப்பட்டன. கடலுக்கு இருபுறமும் இயங்கிய ஓர் இயக்கத்துக்கு இருவழி வானொலி எத்துணை இன்றியமையாதது என்பதை அந்நிகழ்ச்சி காட்டும். 1991இல் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சென்னைக் கொடுங்கையூர் வீடு ஒன்றில் அமைக்கப்பட்டிருந்த கம்பியில்லாக் கருவியும், அதன்வழிச் சென்ற குறியீட்டுச் செய்திகளும் முக்கியச் சான்றுகளாயின.

இவ்வரலாற்றைத் தொட்ட படங்கள் எளிதில் மக்களைச் சேரவில்லை. ஆர்.கே. செல்வமணியின் ‘குற்றப்பத்திரிகை’ தணிக்கைச் சிக்கல்களால் பல ஆண்டுகள் முடங்கி 2007இல்தான் வெளிவந்தது. ஒட்டுக்கேட்ட வானொலிச் செய்திகளைக் கதையின் முடிச்சாகக் கொண்ட இந்திப் படமான ‘மெட்ராஸ் கஃபே’ (2013) எதிர்ப்பின் காரணமாகத் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் வெளியாகவில்லை. இப்படங்கள் தேடிச் சென்றது கொலையாளியின் கருவியை. கொல்லப்பட்டவரும் ஒரு வானொலியாளர் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. ராஜீவ் காந்தி வியு2ஆர்ஜி என்னும் அழைப்புக் குறியீட்டைக் கொண்ட, உரிமம் பெற்ற ஹாம்.

பேசுவதற்காகவே பேசுபவர்

ஹாம் வானொலியாளர் தேர்வு எழுதி உரிமம் பெறுகிறார். ஒவ்வோர் உரையாடலிலும் தம் குறியீட்டைச் சொல்லியாக வேண்டும். மறைமொழியில் பேசக் கூடாது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒற்றனுக்கு நேர் எதிரான மனிதர் அவர். ஒற்றன் மறைப்பதையெல்லாம் அறிவித்தாக வேண்டியவர். மேலைத் திரை இவரைப் பல கோணங்களில் கண்டுள்ளது. 1956இல் வெளியான பிரெஞ்சுப் படமொன்றில், நடுக்கடலில் நச்சுணவால் வீழ்ந்த மீனவர்களுக்கு மருந்து சேர்ப்பதற்காகப் பல நாட்டு ஹாம்கள் அரசியல் எல்லை கடந்து கைகோக்கின்றனர். 1961இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் டோனி ஹான்காக், ஆபத்தில் சிக்கிய படகுக்காரனுக்கு உதவத் தெரியாமல் தடுமாறும் ஹாமாக நகைப்பூட்டினார். ‘காண்டாக்ட்’ (1997) படத்தில் வானியலாளராகப் போகும் சிறுமி தந்தையருகே அமர்ந்து தொலைதூரக் குரல்களைத் தேடுகிறாள்.

‘ஃப்ரீக்வென்சி’ (2000) இன்னும் நெருங்கி நோக்கத்தக்கது. 1999இல் வாழும் மகன், தந்தையின் பழைய ஹாம் கருவி வழியே 1969இல் உள்ள தந்தையோடு பேசுகிறான். இந்த அற்புதத்துக்குக் கதை கற்பிக்கும் காரணம் ஞாயிற்றின் கொந்தளிப்பு. ஞாயிற்றுப் புள்ளிகள் பெருகும் காலத்தில் வளிமண்டலத்தின் அயனிப் படலம் மாறுபடுவதும், அதனால் சிற்றலை ஒலி வழக்கத்தைவிடத் தொலைவு செல்வதும் ஹாம்கள் நாள்தோறும் கணக்கிடும் உண்மைகள். கொடைரோட்டிலிருந்து மலையேறினால் சென்றடையும் கொடைக்கானல் வான்காணகம் 1901 முதல் ஞாயிற்றை ஆராய்ந்து வருகிறது. ஞாயிற்றுப் புள்ளியில் வளிமங்கள் பாயும் விதத்தை ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் 1909இல் கண்டறிந்தார். இத்தகைய கதைக்கு வேண்டிய அறிவியல் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருந்தது.

கதைப்பொருளும் இல்லாமல் போகவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழுவொன்று உலக வானொலியாளர்களோடு தொடர்புகொள்ளும் பொழுதுபோக்குப் பயணமாகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்தது. தொலைபேசி இணைப்புகள் அற்றுப்போன நிலையில், பொழுதுபோக்குக்காகக் கொண்டுசென்ற கருவிகளே தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி சுமந்தன. உற்றாரின் நிலை அறியத் துடித்த குடும்பங்களுக்கு அவ்வழியே மறுமொழி சென்றது.

காலம் கடந்து பேசும் கற்பனை இந்தியாவுக்கு வந்தபோது அது எந்தக் கருவியைத் தேர்ந்தது என்பதும் நோக்கத்தக்கது. ‘சிக்னல்’ என்னும் கொரியத் தொடரைத் தழுவிய இந்தித் தொடர் ‘கியாரா கியாரா’வில் (2024) அது வாக்கி டாக்கி. பேசுபவர்கள் இரு காலங்களைச் சேர்ந்த காவல் அதிகாரிகள். தமிழில் ஆதிக் ரவிச்சந்திரன் இயக்கிய ‘மார்க் ஆண்டனி’யில் (2023) 1990களிலிருந்து 1970களை அழைக்க உதவுவது கம்பியோடு கூடிய தொலைபேசி. அன்று வீட்டுக்குத் தொலைபேசி இணைப்புப் பெற ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அதற்குக் காவல் நிலையம் சான்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.