கத்தரிக்கோல் பெற்ற பிள்ளை

பிரெஞ்சுக்காரர்களின் துணிக்கடையில் ‘கூப்போன்’ கேட்டால் விலை குறையாது, துணிதான் வரும். பாரிஸில் மொன்மார்த்ர் மலையடியில் இருக்கும் துணிக்கடைத் தெருக்களில், அளவாக வெட்டி மடித்து அடுக்கி விற்கும் துண்டுத் துணிக்கு அதுதான் பெயர். நம் ஊர்க் கட்பீஸ் கடைச் சரக்குதான். ‘கூப்பே’ என்றால் வெட்டுதல். வெட்டியெடுத்த துண்டு கூப்போன். ஆங்கிலேயர் வாயில் புகுந்து நம்மிடம் வந்தபோது கூப்பன் ஆயிற்று.

வம்சத்தை இன்னும் தோண்டினால் அடிதடியில் போய் முடிகிறது. கூப்பேக்குத் தாய் ‘கூ’ என்ற சொல். அடி, வெட்டு என்று பொருள். எங்காவது ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் ஆங்கிலச் செய்தித்தாள் எழுதுகிறதே, அதே ‘கூ’. அதற்கு லத்தீன் வழியாகப் பாட்டி முறை ஆவது கிரேக்கத்தின் ‘கொலஃபோஸ்’: கன்னத்தில் விடும் அறை.

துணியை விட்டுக் கடன் பத்திரத்தில் ஏறியபோதுதான் இந்தச் சொல்லுக்கு மவுசு வந்தது. 19-ஆம் நூற்றாண்டுப் பத்திரம் என்பது ஓரமெல்லாம் பூவேலை செய்த பெரிய தாள். அதன் கீழ்ப்பகுதியில் தபால்தலை போல வரிசை வரிசையாகச் சிறு கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, ஒரு தொகை. 1,000 டாலர் பத்திரம், 4 சதவீத வட்டி, 20 ஆண்டு தவணை என்றால் தலா 20 டாலருக்கு 40 கட்டங்கள். அரையாண்டுக்கு ஒருமுறை ஒரு கட்டத்தை வெட்டி வங்கியில் நீட்டினால் வட்டி கைக்கு வரும். பத்திரத்தில் பெயர் கிடையாது. வைத்திருப்பவரே சொந்தக்காரர். வரி ஏய்ப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? 1982-இல் அமெரிக்கா சட்டம் போட்டு இவ்வகைப் பத்திர வெளியீட்டை ஏறக்குறைய நிறுத்தியது.

கத்தரிக்கோல் போனது, பெயர் போகவில்லை. ‘7.18% ஜி.எஸ். 2033’ என்று இந்திய அரசு 2023-இல் பத்திரம் வெளியிட்டது. எல்லாம் கணினிக் கணக்கு. வெட்டுவதற்குத் தாளே இல்லை. ஆனாலும் அந்த 7.18-க்குப் பெயர் கூப்பன் விகிதம். நூறு ரூபாய்ப் பத்திரத்தைச் சந்தையில் 95-க்கு வாங்கினாலும் கூப்பன் மாறாது. போட்ட பணத்துக்கு மட்டும் 7.56 சதவீதம் கிடைக்கும். கூப்பனே இல்லாததும் உண்டு. 91 நாள் கருவூல உண்டியலை நூறுக்குச் சற்றுக் குறைத்து விற்பார்கள், முதிர்வில் முழு நூறும் தருவார்கள். அங்கே தள்ளுபடிதான் வட்டி.

‘கூப்பன் வெட்டுகிறவர்’ என்றால் அன்றைய அமெரிக்காவில் உழைக்காமல் வட்டியில் உட்கார்ந்து சாப்பிடும் சீமான். பிற்பாடு அதே வார்த்தை, ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளும் கத்தரிக்கோலுமாகச் சமையலறை மேசையில் உட்கார்ந்து மளிகைச் செலவில் நாலு காசு மிச்சம் பிடிக்கும் இல்லத்தரசியைக் குறித்தது. ஒரு சொல் இவ்வளவு தூரம் படியிறங்கி வந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இறக்கிவிட்டவர்களில் முந்தியவர்கள் கோகோ கோலாக்காரர்கள். 1880-களின் இறுதியில் ‘ஒரு கோப்பை இலவசம்’ என்று சீட்டு அச்சிட்டு அட்லாண்டாவில் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் மளிகைக் கூப்பனின் சூட்சுமம் இலவசத்தில் இல்லை, வெட்டுகிற சிரமத்தில் இருக்கிறது. சோப்புத்தூள் 200 ரூபாய், கூப்பனுக்கு 30 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் 170 என்று விற்றால், 200 கொடுக்கத் தயங்காதவரிடமிருந்து வரவேண்டிய 30 ரூபாய் நட்டம். எனவே குறைந்த விலை வேண்டுபவர் தேட வேண்டும், வெட்ட வேண்டும், பத்திரப்படுத்த வேண்டும், மறக்காமல் கடைக்கு எடுத்துப்போக வேண்டும். ஆடித் தள்ளுபடி கடைக்குள் நுழைந்த எல்லாருக்கும். கூப்பன் மெனக்கெட்டவருக்கு மட்டும். செல்போனில் வரும் கூப்பன் கோடு இந்த மெனக்கெடலை ஒரு விரல் தட்டலாகச் சுருக்கிவிட்டது. அப்படியும் அதைத் தட்டாமல் முழு விலை கொடுப்பவர்களை நம்பித்தான் கணக்கு ஓடுகிறது.

தமிழில் இந்தச் சொல் ஆழமாக வேரூன்றியது தமிழ்நாட்டில் அல்ல, இலங்கையில். இங்கே ரேஷன் என்றோம். அங்கே கூப்பன் என்றார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பங்கீடு வந்தபோது வீட்டில் ஆளுக்கொரு புத்தகம், வாரத்துக்கொரு துண்டு. கூப்பன் கடை, கூப்பன் அரிசி, கூப்பன் மா என்று ஒரு குடும்பமே சொல்லகராதியில் சேர்ந்தது. அந்தத் துண்டு தயவோ சலுகையோ அல்ல, உரிமை என்றே சனங்கள் எடுத்துக்கொண்டார்கள். 1953-இல் டட்லி சேனநாயக்க அரசு கூப்பன் அரிசியை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றியது. ஆகஸ்ட் 12-ஆம் தேதி நாடே ஹர்த்தாலில் நின்றது. அமைச்சரவை போர்க்கப்பலில் ஏறிக் கூடும் நிலை வந்தது. இரண்டு மாதத்தில் பிரதமர் பதவி விலகினார். 1979-இல் பங்கீட்டுப் புத்தகத்தின் இடத்துக்கு உணவு முத்திரை வந்தது. முத்திரை என்ற பெயர் காகிதத்தில் இருந்தது; சனங்கள் வாயில் கூப்பன் கடை கூப்பன் கடையாகவே இருந்தது.

இதையும் மிஞ்சியது உக்ரைன். சோவியத் நாடு உடையும் தறுவாயில், அங்கே சம்பளத்தோடு ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் உள்ள கட்டங்களைக் கத்தரித்துக் கொடுத்தால்தான் ரூபிளுக்குச் சரக்கு. 1992-இல் அந்த ஏற்பாடு ரூபிளையே தள்ளிவிட்டுத் தானே நாணயமாகிவிட்டது. அதன் சட்டப் பெயர் கார்போவனெட்ஸ். கடைத்தெருவில் அதைக் ‘கூப்போன்’ என்றார்கள். விலைவாசி அதைத் தின்று தீர்த்தது. 1996 செப்டம்பரில் புது நாணயமான ஹ்ரிவ்னியா வந்தபோது ஒன்றுக்கு ஒரு லட்சம் கூப்பன் எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது.