ஹீலியோபாஸ்

கதிரவனைக் குறிக்கும் 'ஹீலியோஸ்', ஓய்தலைக் குறிக்கும் 'பௌசிஸ்' என்னும் கிரேக்கச் சொற்களின் வழிவந்த இப்பதம், சூரியனிலிருந்து இடையறாது வீசும் துகட்காற்று, நட்சத்திரங்களுக்கிடையே பரவிய வாயுவின் அழுத்தத்துக்கு ஈடுகொடுத்து அடங்கிவிடும் எல்லையைச் சுட்டுவதாகும். அத்தகைய காற்று உண்டென்று யூஜீன் பார்க்கர் எழுதிய கட்டுரையை மதிப்பிட்ட அறிஞர் இருவரும் நிராகரிக்க, பத்திரிகாசிரியராயிருந்த நம் வானியற்பியலறிஞர் சந்திரசேகர், தமக்கே அக்கருத்து உவப்பாயில்லாதபோதிலும், கணிதத்தில் குற்றம் காணமாட்டாமல் 1958-இல் அதனை வெளியிட்ட பெருந்தன்மை நினைக்கத்தக்கது. நான்கே ஆண்டுகளில் மாரினர் 2 விண்கலம் அக்காற்றை நேரில் அளந்தது.

விண்கலமொன்று அவ்வெல்லையைக் கடந்தமைக்கு அடையாளம் யாது என்பதிலோ விவாதம் எளிதில் தீரவில்லை. 2012 ஆகஸ்டில், வாயேஜர் 1 சூரியத் துகள்கள் திடீரெனக் குன்றியதை உணர்த்தியும், காந்தப் புலத்தின் திசை மாறாமையால், எதிர்பார்த்த லக்ஷணம் பொருந்தவில்லையென்று பண்டிதர் பலர் தயங்கினர். சுற்றியுள்ள பிளாஸ்மாவின் அடர்த்தி பன்மடங்கு மிகுந்திருப்பது மறு ஆண்டு அதில் எழுந்த அலைகளின் அதிர்வெண்ணால் புலப்பட்ட பின்னரே பெரும்பாலோர் இசைந்தனர். இப்பதத்தைச் 'சூரிய மண்டலத்தின் எல்லை' என்று பெயர்த்தெழுதுவது, என் அபிப்பிராயத்தில், பிழை. சூரியனின் ஈர்ப்புக்கு உட்பட்ட ஊர்ட் மேகம் இதற்கும் வெகுதூரம் அப்பால் பரந்திருப்பதாகவே கருதப்படுகிறது.