எடுப்புச் சாப்பாடு

என் இளமைக் காலத்தில் மயிலாப்பூர் மாட வீதிகளை அடுத்த சந்துகளில் ஒரு பலகை அடிக்கடி கண்ணிற்படும். 'எடுப்புச் சாப்பாடு கிடைக்கும்' என்று அதில் எழுதியிருக்கும். உண்டிச்சாலையில் அமர்ந்து உண்ணாமல், வீட்டிலிருந்து கொண்டுபோகும் அடுக்குப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் வாங்கி வருவதற்கு அந்நாளில் வழங்கிய பெயர் அது. இன்று நீங்கள் அதனைப் 'பார்சல்' என்கிறீர்கள். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உணவுப் பையை முதுகில் சுமந்து வண்டியில் விரையும் இளைஞர்களைக் காணுந்தோறும் எனக்கு அந்தப் பலகை நினைவுக்கு வருகிறது. ஒருவர் உணவை ஏன் எடுத்துச் செல்கிறார்? விருப்பத்தினாலா, வேறு வழி இல்லாமையாலா? இந்த வினாவை என் உள்ளத்தில் எழுப்பியவர் எத்தியோப்பியாவில் ஆசிரியராக இருந்து திரும்பிய என் பெரியப்பா.

நம்மவர் அத்தனை தொலைவு சென்று கற்பித்தது எவ்வாறு என்று நீங்கள் வியக்கலாம். எத்தியோப்பியாவை இத்தாலியர் 1936ஆம் ஆண்டு கைப்பற்றினர். அவர்களுடைய ஆட்சியில் கல்வி கற்ற எத்தியோப்பிய இளைஞர் பலர் தேடிக் கொல்லப்பட்டனர். 1941இல் நாடு விடுதலை பெற்று, பேரரசர் ஹைலி செலாசி பள்ளிகளை மீண்டும் திறந்தபோது கற்பிக்க ஆள் போதவில்லை. ஆகவே அயல்நாட்டு ஆசிரியர்கள் அழைக்கப்பட்டனர். அவர்களுள் இந்தியர் மிகப் பலர். என் பெரியப்பாவும் அந்த அழைப்பினால் போனவரே. 1974இல் அங்குப் புரட்சி எழுந்து பேரரசர் ஆட்சி வீழ்ந்தது. மறு ஆண்டு பெரியப்பா ஊர் திரும்பினார்.

அவர் சொன்ன செய்திகளுள் எனக்கு மிகவும் சுவைத்தது அந்நாட்டு உணவைப் பற்றியதே. தெஃப் என்பது அவர்களுடைய தானியம். கேழ்வரகினும் மிகச் சிறியது. (கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்க மலைநாடுகளில் தோன்றி நம்மிடம் வந்த பயிர்தான் என்று அறிஞர் கூறுவர்.) தெஃப் மாவைக் கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, அகன்ற மண் கல்லில் வட்டமாக ஊற்றி மூடி வேகவைப்பார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேற்புறம் முழுதும் சிறு சிறு துளைகள் விழும். அவற்றைக் 'கண்கள்' என்பது அவர்கள் வழக்கு. இதுவே இஞ்சிரா. நம் தோசைக்கு உடன்பிறந்தது எனலாம். ஆயினும் முறுகாது, பஞ்சுபோல் மென்மையாக இருக்கும். அதன் மேலேயே மிளகாய்க் காரம் மிகுந்த பருப்புக் குழம்பையும் கடலைமாக் குழம்பையும் வைப்பார்கள். புதனும் வெள்ளியும் அந்நாட்டுக் கிறித்தவர்க்கு நோன்பு நாள்கள். ஊன், பால், முட்டை எதுவும் கூடாது. மரக்கறி உண்பவரான பெரியப்பாவுக்கு அந்த இரு நாளும் விருந்து நாள்களாயின.

ஆனால் அவரை முதலில் திகைக்க வைத்தது சுவை அன்று. தட்டு ஒன்றே ஒன்று! அதனைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, கை கழுவி, வலக்கையால் ஒரே இஞ்சிராவிலிருந்து பிய்த்து உண்பர். அன்புக்குரியவர் என்றால் ஒரு கவளத்தைத் தம் கையாலேயே உருட்டி அவர் வாயில் ஊட்டுவர். அதற்குக் 'குர்ஷா' என்று பெயர். எச்சில், பத்து என்று கணக்குப் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர் பெரியப்பா. உடன் பணிபுரிந்த ஆசிரியர் முதல் நாளே கவளத்தை நீட்டியபோது என்ன செய்வது என்று அறியாமல் விழித்தாராம். "வாயைத் திறந்தேன், வேறென்ன செய்வது?" என்று சொல்லிச் சிரிப்பார்.

இத்தகைய மக்களுக்கும் உண்டிச்சாலை எளிதில் பிடிபடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிஸ் அபாபா நகரில் பேரரசி தைத்து ஒரு ஹோட்டல் திறந்தார். பணம் கொடுத்து உண்பதைப் பெருங்குடியினர் இழிவாக எண்ணி வராது நின்றனர் என்றும், பேரரசர் மெனலிக் தாமே சென்று உண்டு, காசும் கொடுத்து வழிகாட்டினார் என்றும் சொல்லப்படுகிறது.

நம் நாட்டிலும் சோற்றை விற்பது பாவம் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் இருந்தன. உள்ளூரார்க்கு வீடு இருந்தது. இந்தக் கட்டுப்பாட்டை நெகிழ்த்தியது காப்பி என்பது என் கருத்து. எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில் பிறந்து, ஏமன் நாட்டு வழியாகக் குடகு, சிக்கமகளூர் மலைகளை அடைந்த செடி அது. காப்பி குடிக்கவென்று தோன்றிய 'காப்பி கிளப்பு'களிலேயே நம்மவர் முதன்முதலில் அயலார் பக்கத்தில் அமரப் பழகினர். என் பாட்டி ஹோட்டல் சோற்றை இறுதிவரை தொட்டதில்லை. ஹோட்டல் காப்பி கூஜாவில் வந்தால் மட்டும் குடித்துவிடுவார். அதற்கு எந்தச் சாத்திரம் இடம் கொடுக்கிறது என்று கேட்க எங்களில் எவர்க்கும் துணிவில்லை.

பிறகு உடுப்பிக்காரர்கள் வந்தனர். துளுநாட்டுச் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, சமையலறை ஏவலராகத் தொடங்கி, முதலாளிகளாக உயர்ந்தவர் அவர்களுள் உண்டு. கே. கிருஷ்ணராவ் அத்தகையவர். 1920களில் சென்னைக்கு வந்த அவர், இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலையும், 1952இல் மயிலாப்பூரில் நியூ உட்லண்ட்ஸையும் நிறுவினார். கதீட்ரல் சாலைத் தோட்டத்தில் 1962இல் திறந்த 'டிரைவ்-இன்' உண்டிச்சாலையில் காருக்கே சிற்றுண்டி வரும். 2008இல் அது மூடப்பட்டது. இன்று அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. அயல்மொழி பேசியோர் சுட்ட தோசையை நாம் 'நம் தோசை' என்று உரிமை கொண்டாடும் அளவுக்கு அவர்கள் நம்மோடு கலந்துவிட்டனர்.

ஆனால் யார் எங்கே அமர்ந்தார்கள்? மாணவர்களே, இதனை நாம் மறைத்துப் பேசுதல் தகாது. பல ஹோட்டல்களில் பிராமணர்க்கெனத் தனியிடம் இருந்தது. இரயில் நிலைய உண்டிச்சாலைகளிலும் அப்பாகுபாடு இருந்து, பெரியார் இயக்கத்தின் எதிர்ப்பால் 1941இல் நீங்கியது. 'பிராமணாள்' என்ற சொல்லைப் பெயர்ப் பலகையிலிருந்து நீக்கக் கோரி, திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு 1957ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய மறியல் அடுத்த ஆண்டுவரை நீடித்தது. நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். ஒடுக்கப்பட்ட சாதியார்க்கோ இந்தத் தனியிடமும் இல்லை, பொதுவிடமும் இல்லை. பல ஊர்களில் அவர்கள் புறவாயிலில் நின்று, தம் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளில் அவர்களுக்கென்று தனிக் குவளை இருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு உண்டிச்சாலைகளில் இவ்வாறு விலக்குவதைத் தடுத்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

ஆகவே எடுப்பு இருவகைப்பட்டது. பிறரோடு அமர விரும்பாமல் எடுத்துச் சென்றோர் ஒருபுறம். அமர விடாமையால் எடுத்துச் சென்றோர் மறுபுறம். எங்கள் வீட்டில் இரண்டுமே நிகழ்ந்தன. அம்மாவுக்கு உடல்நலம் இல்லாத நாள்களில் அருகிலிருந்த ஒரு ஹோட்டலிலிருந்து எடுப்புச் சாப்பாடு வரும். வாங்கி வருபவர் எங்கள் தோட்டத்தில் வேலை செய்த முதியவர். நானும் சில நாள் உடன் போவேன். அவர் முன்வாயிலுக்கு வரமாட்டார். கொல்லைப்புறச் சந்தில் நின்று பாத்திரத்தை நீட்டுவார். சட்டம் வந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. 'உள்ளே வரக்கூடாது' என்று அப்போது அவரிடம் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'உள்ளே வாருங்கள்' என்றும் எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

1975ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு மாலை, பெரியப்பா எங்களுடன் வந்தார். முதியவர் வழக்கம்போல் சந்தின் பக்கம் திரும்பினார். பெரியப்பா அவர் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "இப்படி வாருங்கள் பெரியவரே, இன்று உட்கார்ந்து சாப்பிடுவோம்" என்றார். அவர் மறுத்தார்; மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரியப்பா விடவில்லை. மூவரும் ஒரே மேசையில் அமர்ந்தோம். என் நெஞ்சு படபடத்தது. எவரேனும் எழுந்து கூச்சலிடுவார் என்று எதிர்பார்த்தேன். பரிமாறுபவர் வந்தார், "என்ன வேண்டும்?" என்று கேட்டார், மூன்று தோசையும் மூன்று காப்பியும் கொண்டுவந்து வைத்தார். வேறொன்றும் நடக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இத்தனை ஆண்டுகள் எங்களைத் தடுத்தது எது என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

பெரியப்பா தம் தோசையில் ஒரு துண்டு பிய்த்துச் சட்னியில் தோய்த்து எனக்கு ஊட்டினார். முதியவர் பக்கமும் கை நீண்டது. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துத் தயங்கி, இலையில் வைத்தார். முதியவர் பாதித் தோசைதான் உண்டார். பரிமாறுபவர் மறுபடியும் வந்தபோது, மற்றப் பாதியைக் காட்டி, பேரனுக்குக் கொண்டுபோக வேண்டும், கட்டித் தர முடியுமா என்று மெல்லக் கேட்டார்.