நார்ச்சத்துத் தூளும் ஒரு கோப்பைத் தண்ணீரும்

மலச்சிக்கலுக்கு பாமசியில் வாங்கும் நார்ச்சத்துத் தூள்களில் அதிகம் அறியப்பட்டது இசப்கோல். குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் பயிராகும் ஒரு செடியின் விதை உமி அது. குடலில் நீரை உறிஞ்சிக் கூழாகி மலத்தை இளக்கும். பித்த அமிலத்தையும் பிடித்து வெளியேற்றுவதால் கெட்ட கொலஸ்ட்ரோல் ஓரளவு குறையும்.

ஆனால் தண்ணீர் குறைந்தால் இதுவே ஆபத்து. வகுப்பில் நான் ஒரு கரண்டித் தூளைச் சிறிதளவு நீரில் போட்டுக் காட்டுவதுண்டு. சில நிமிடங்களில் கட்டியாகிவிடும். தொண்டையிலும் அதுவே நடக்கலாம். ஆகவே ஒவ்வொரு தடவையும் குறைந்தது 240 மில்லிலீற்றர் தண்ணீருடன் குடியுங்கள். விழுங்கச் சிரமப்படுவோரும் குடலடைப்பு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். மருந்து உறிஞ்சப்படுவதை இது தடுக்கக்கூடும். எனவே மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இடையே இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள். மலத்தில் இரத்தம் கண்டால் தூளைத் தேடாமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

10 வயதைக் கடந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. உணவில் இயற்கையாக உள்ள நாரையே அது சொல்கிறது. பருப்பு, கடலை, கீரை, குரக்கன், தவிடு நீக்காத சிவப்பரிசி ஆகியவற்றில் நாருடன் விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்ந்தே வருகின்றன. தூள் துணைக்கு மட்டுமே. சாப்பாட்டுத் தட்டை முதலில் சரிசெய்வோம்.